வலியசாலை வீட்டுப் பாடத்திட்டம்: ஒரு திறனாய்வு முன்னோட்டம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது எப்படி என்று சொல்லும் நூல்கள் உலகில் ஏராளம். மூன்று சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றுள் ஒன்றையாவது முழுதாகப் படித்து முடிக்க முடியாது என்பதை முந்தைய ஆய்வாளர் எவரும் சுட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரை நுதலிய பொருள்.

ஆய்வுக் களம், திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்தை ஒட்டிய ஒரு கருதுகோள் வீடு. மூத்தவளுக்கு வயது ஒன்பது, நடுவனுக்கு ஆறு, கடைக்குட்டிக்கு மூன்று. அம்மா பாடத்திட்டக் குழுவின் தலைவர். டெக்னோபார்க் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் அப்பா உறுப்பினர் செயலர். காதில் ஹெட்போன் இருப்பதால் அவருடைய மௌனம் சம்மதமாகப் பதிவு செய்யப்படும். நாகர்கோவிலிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி புறத்தேர்வாளர். குழு இரவு ஒன்பதரைக்கு மேல் கூடும். கடைக்குட்டி விழித்தால் கூட்டம் நாள் குறிக்காமல் ஒத்திவைக்கப்படும்.

இயல் ஒன்று: சட்ட நிலை

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையான பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. ஆகவே வீட்டுக்கல்வி இந்நாட்டில் தடுக்கப்பட்டதும் அன்று, அனுமதிக்கப்பட்டதும் அன்று. மேற்படி வீட்டில் இதே நிலையில் உள்ள பிற செயல்கள்: சாப்பாட்டுக்கு முன் முறுக்கு தின்பது, சோபாவின் கைப்பிடியில் ஏறி நிற்பது.

இயல் இரண்டு: வகைகள்

கேரள அரசுப் பாடத்திட்டம். இதை வகுக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி. அலுவலகம் பூஜப்புரையில், ஆட்டோவில் போய் வரும் தொலைவில் இருக்கிறது. புத்தகங்கள் இணையத்தில் இலவசம். தமிழ்வழிப் புத்தகமும் உண்டு. சாலைக் கடைவீதிப் பக்கம் அரசுத் தமிழ்ப் பள்ளியே நடக்கும் ஊரில் இது வியப்பன்று. குறை ஒன்றுதான். புதிய பாடநூல்கள் 2024-இல் 1, 3, 5, 7, 9 ஆகிய வகுப்புகளுக்கு வந்தன. 2025-இல் 2, 4, 6, 8, 10 ஆகியவற்றுக்கு வந்தன. ஒற்றைப்படை ஓராண்டு, இரட்டைப்படை மறு ஆண்டு. ‘அக்கா புத்தகம் தம்பிக்கு’ என்ற தொன்மையான குடும்ப நிதிக் கொள்கை இரண்டே தவணையில் தகர்ந்தது. அட்டை போட்டுப் பரணில் காத்துவந்த பழைய ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இப்போது தொல்பொருள் (பரண், இடது மூலை, கொலுப் பெட்டிக்கு அடியில்).

மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு மிருதங்க், இந்திக்குச் சாரங்கி. மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்துக்குச் சந்தூர், இந்திக்கு வீணா. ஆறாம் வகுப்பில் பூர்வி, மல்ஹார். கிழக்கேகோட்டை நவராத்திரி மண்டபத்தின் பக்கவாத்தியப் பட்டியல் அன்று இது, பாடநூல் பட்டியல்தான் என்று அம்மா இருமுறை விளக்க வேண்டியிருந்தது. மிருதங்கம் வந்திருக்கிறது என்று கேட்ட நடுவன், புத்தகத்தைப் பிரித்ததும் அழுதான். பின்னர் அதன் அட்டையில் வாசித்தான்.

தமிழ்நாட்டுப் பாடநூல். புறத்தேர்வாளரின் பரிந்துரை. “களியக்காவிளை தாண்டுனா பிள்ளைய தமிழை மறந்துரணுமோ?” (பாட்டி, வாய்மொழி, வெண்டைக்காய் நறுக்கியபடி.)

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ.: தேர்வுக் கட்டணத்தைக் கேட்டு அப்பா ஹெட்போனைக் கழற்றினார்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-இல் தோன்றியது. அடிப்படைக் கல்வியை ஏ, பி, சி என்று மூன்று நிலைகளாக, முறையே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையாக வைத்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதினான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும். வீட்டில் கற்கும் பிள்ளைகள் பலர் கடைசியில் வந்து இறங்கும் துறை இது. ஆகையால் இதைப்பற்றி முன்கூட்டி யோசிப்பது மரபன்று.

இவ்வளவு திட்டங்களுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. எல்லாப் புத்தகத்தின் அட்டைப்படத்திலும் எத்தனை குழந்தைகள் கைகோத்து நின்றாலும், உள்ளே பயிற்சிகள் ‘நீ’ என்று ஒருவரிடம்தான் பேசுகின்றன. அந்த ‘நீ’ அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அதன் பென்சிலை யாரும் பிடுங்குவதில்லை. அது ஐந்து என்று எழுதும்போது பின்னாலிருந்து யாரும் ஏழு என்று கத்துவதில்லை. ஒரே வீட்டில் பல வகுப்புகள் இருக்கக்கூடும் என்று உணர்ந்து நடந்த திட்டமாக இந்த ஆய்வு காண்பது ஒன்றே ஒன்று. 2020 ஜூன் 1 அன்று கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வீட்டில் ஒரு டிவி போதும். கேரளமே வீட்டுக்கல்விக்கு மாறியிருந்த அந்நாட்களில் அண்ணன் பாடத்தைத் தங்கையும், தங்கை பாடத்தில் வந்த பூனைக் கதையை வீடு முழுதும் கேட்டதைக் கல்வியியலார் இன்னும் வகைப்படுத்தவில்லை.

இயல் மூன்று: பாடத்திட்டம் வகுத்தோரின் பிள்ளை எண்ணிக்கை

பாடத்திட்டங்களை ஒப்பிட அறிஞர்கள் இதுவரை கையாண்ட அளவுகோல்கள் எல்லாம் மென்மையானவை. இக்கட்டுரை வன்மையான ஒன்றை முன்வைக்கிறது: நூலாசிரியர் தம் கூரைக்குக் கீழ் வளர்த்த பிள்ளைகள் எத்தனை?

வீட்டுக்கல்வித் தாய்மார் பலர் இன்றும் ஆதாரமாகக் கொள்ளும் ‘ஹோம் எஜுகேஷன்’ நூலை 1886-இல் எழுதிய சார்லட் மேசன்: சுழியம். 1977-இல் ‘குரோயிங் விதவுட் ஸ்கூலிங்’ இதழைத் தொடங்கி, பள்ளியும் வேண்டாம் பாடத்திட்டமும் வேண்டாம் என்ற ஜான் ஹோல்ட்: சுழியம். 1919-இல் ஸ்டுட்கார்ட்டில் சிகரெட் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக முதல் வால்டார்ஃப் பள்ளியைத் திறந்த ருடால்ஃப் ஸ்டைனர்: திருமணம் இரண்டு, பிள்ளை சுழியம். ‘எமில்’ என்று ஒரே ஒரு பையனை வளர்ப்பதைப்பற்றி 1762-இல் தலையணை பருமனுக்கு எழுதிய ரூசோவுக்குப் பிள்ளைகள் ஐந்து. ஐவரையும் அநாதை விடுதியில் விட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். கூரைக்குக் கீழ்: சுழியம். 1939-இல் அடையாற்றுக்கு வந்து, உலகப்போர்க் காலத்தில் கோடைக்கானலில் பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்துக் கற்பித்த மரியா மாண்டிசோரிக்கு ஒரு மகன். சிறுவயதில் அவன் வளர்ந்தது வேறொரு குடும்பத்தில். ஜீன் பியாஜேவுக்கு மூன்று. மூவரையும் கவனித்துத்தான் குழந்தை மனம் வளரும் படிகளைக் கண்டார். உடனிருந்து கவனித்துக் குறித்தவர் மனைவி வாலன்டீன். படிகளுக்கு இடப்பட்ட பெயர் பியாஜேயுடையது.

இப்பட்டியலிலிருந்து பெறப்படும் விதி வருமாறு: பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் கூடக் கோட்பாட்டின் நீளம் குறையும். சான்று, காந்தி. மகன்கள் நால்வர். பள்ளியில் சேர்க்காமல் தாமே கற்பிப்பதென்று தென்னாப்பிரிக்காவில் முடிவு செய்த அவருக்கு உட்கார்ந்து கற்பிக்க நேரம் கிடைக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடக்கும்போது உடன் வந்த பிள்ளைகளுக்குப் பேச்சுவாக்கில் சொல்லிக்கொடுத்ததே பாடம். மூத்தவர் ஹரிலாலுக்கு அந்தக் கல்வி போதவில்லை என்ற வருத்தம் இருந்ததும் பதிவாகியிருக்கிறது.

நடைமுறைப் பாடத்திட்டத்தை வலியசாலை வீடும் சோதித்தது. சாலைக் கடைவீதி வழியாகக் கிழக்கேகோட்டை வரை. பாடம், கணிதம்: தொங்கும் குலைகளில் ஏத்தன் எத்தனை, செவ்வாழை எத்தனை, மட்டி எத்தனை? மூத்தவள் எண்ணினாள். நடுவன் விலை கேட்டான். கடைக்குட்டி உரித்தாள். திரும்பும்போது அம்மா இடுப்பில் ஒருத்தியும் கையில் ஒன்றரைக் கிலோ பழமுமாக வந்தார்.

எனினும் இத்துறையின் உச்சம் ஜேம்ஸ் மில். பிள்ளைகள் ஒன்பது. 1806-இல் பிறந்த மூத்தவன் ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பள்ளிக்கு அனுப்பாமல் மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கினார். எட்டாம் வயதில் லத்தீன் தொடங்கிய அப்பையனே தம்பி தங்கைகளுக்கு வாத்தியாராக அமர்த்தப்பட்டான். மூத்தது இளையதுக்குச் சொல்லித்தருவது என்ற முறையை இதைவிடத் துணிவாகச் செய்தவர் இல்லை. அப்பா எழுதும் அதே மேசையில் மகன் உட்கார்ந்து, தெரியாத கிரேக்கச் சொல் வரும்போதெல்லாம் பொருள் கேட்டான். அந்தக் குறுக்கீடுகளுக்கு இடையே அப்பா எழுதியது ‘பிரிட்டிஷ் இந்திய வரலாறு’. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல், இந்திய மொழி எதையும் கற்காமல் எழுதப்பட்ட அந்நூல், இந்தியாவை ஆள வந்த கம்பெனி அதிகாரிகளுக்குப் பாடநூலாயிற்று. அதன் பிழைகளுக்கு ஆய்வாளர்கள் பயன்வழிக் கோட்பாடு முதலாகப் பல காரணம் கூறுவர். குழுத் தலைவருக்கு ஒரு காரணம் போதும்: மேசையின் மறுபக்கம் பையன்.

அந்த நூலின் முகப்பில் உள்ள ஆண்டு 1817. கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் நீட்டு விடுத்ததும் அதே 1817. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் இதை வைத்து ஒரு முனைவர் பட்டம் வாங்க இயலும்.

இயல் நான்கு: வடக்குச் சுவர்

எந்தப் பாடத்திட்டம் உண்மையில் நடந்தது என்பதற்கு மேற்படி வீட்டில் எஞ்சியுள்ள முதன்மைச் சான்று கூடத்தின் வடக்குச் சுவர். காலக்கணிப்பு உயரத்தால் செய்யப்படுகிறது. முழங்கால் வரை உள்ளவை கடைக்குட்டிக் காலம். இடுப்பு வரை நடுவன் காலம். அதற்கு மேல் மூத்தவள் காலம். ஸ்டூல் போட்டு எழுதியவை இடைச்செருகல்.

நடுவன் காலக் கல்வெட்டுகளில் தலையாயது, ஊதா ஸ்கெட்சில் ‘7 x 8 = 54’ (வடக்குச் சுவர், சோபாவுக்குப் பின், வரி 2). இது பாடபேதம், 56 என்றே கொள்க என்பது அம்மாவின் உரை. அப்படி ஒரு மூலபாடம் இருந்ததே இல்லை என்பது மூத்தவள் உரை. அது கணக்கே அன்று, காஸ் ஏஜென்சி எண்ணின் பகுதி என்பது அப்பாவின் உரை (இரு அலுவலகக் கூட்டங்களுக்கு இடைப்பட்ட நான்கு நிமிடத்தில் அருளியது, ஒலிபெருக்கி அணைக்கப்படாததால் பெங்களூரிலும் கேட்டது).

அடுத்தது இதனினும் அரியது. ‘அம்மா’ என்ற சொல் தமிழ் அகரத்தில் தொடங்கி மலையாள மகரத்தில் முடிகிறது. எழுத்தமைதி வல்லுநர்க்கு இது விருந்து. தமிழும் மலையாளமும் பிரிந்த காலம் ஒன்பதாம் நூற்றாண்டா, அதற்குப் பின்னா என்று பெரும்புலவர்கள் பொருதி வருகின்றனர். இக்கல்வெட்டைக் கொண்டு நோக்க, அப்பிரிவு கடந்த ஜூன் வரை நிகழவில்லை என்பது ஒருதலை (காண்க: பால் கணக்கு நோட்டு, பின்னட்டை, ரசக்கறைக்கு வலப்புறம், அதனோடு ஒப்பிடுக: குளிர்சாதனப் பெட்டிக் கதவு, வெள்ளரிக்காய்க் காந்தத்தின் கீழ் மூன்றாம் தாள், கிழிந்த பதிப்பு, கிழித்தவர் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு: அடுத்த அறை, கதவு தாழிட்டது, உள்ளிருந்து மறுப்புரை).

இவ்வீடு நிற்கும் மண்ணுக்கு இத்தகைய வழக்கு புதிதன்று. காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விநிலையம் இருந்த இடம் இந்த வலியசாலைதான் என்பர். காந்தளூர் மகாதேவர் கோயில் இன்றும் இங்கே இருக்கிறது. முதலாம் இராசராசன் இச்சாலையில் ‘கலம் அறுத்தான்’ என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. கலம் என்றது கப்பலை, அவன் கடற்படையை அழித்தான் என்றது ஒரு சாரார். உண்கலம், மாணவருக்கு இட்டுவந்த சோற்றை நிறுத்தினான் என்றது மற்றொரு சாரார். பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் அதை விட்டு எழுந்து இந்தச் சாலை வழக்குக்குள் இறங்கினார். நூற்றாண்டாக நடக்கும் இவ்வழக்கில் தரப்பினர் ஒருவராவது தோற்றதாகத் தெரியவில்லை. ஆய்வரங்குகளில் சோறு மட்டும் அறுபடாமல் வருகிறது.

காந்தளூரை மாதிரியாகக் கொண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் அமைத்த சாலைக்குச் செப்பேடு கிடைத்திருக்கிறது. மாணவர் 95 பேர். வேதக் கிளை வாரியாக 45, 36, 14. பாடம் பற்றி அச்செப்பேடு சொல்வது சொற்பம். ஒருவரையொருவர் வைதால் என்ன, அடித்தால் என்ன, ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வந்தால் என்ன என்பதற்குத்தான் விதிகள். மூன்று பிள்ளை வீட்டுத் தலைவர் எவரும் அதை எழுதியவரைக் கைகுலுக்கிப் பாராட்டுவார்.

கலம் வழக்கில் இவ்வாய்வு புதிய சான்று ஒன்றை அளிக்கிறது. இடவப்பாதி மழை முற்றத்தில் தேங்கிய ஒரு பிற்பகலில், அச்செடுத்து வைத்திருந்த கணக்குத் தாள்களைக் கடைக்குட்டி கப்பலாக மடித்து மிதக்கவிட்டாள். மடிக்கக் கற்றுத்தந்தது நடுவன். ஒரு கப்பல் எத்தனை தாள் தாங்கும் என்று கணக்கிட்டது மூத்தவள். அம்மா வந்து எல்லாவற்றையும் கிழித்தார். அடுத்து, எவர் செய்தது என்று சொல்லும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது என்றார். ஆக ஒரே நாளில், ஒரே சாலையில், இருவகைக் கலமும் அறுபட்டன. இரு சாராரும் சரி. (“பிள்ளைய வயித்துல அடிக்காத மக்களே.” பாட்டி, மேல்முறையீடு, பத்து நிமிடத்தில் உண்கலம் மட்டும் மீட்கப்பட்டது.)

இயல் ஐந்து: மேலாய்வு

தமிழுக்குத் தமிழ்நாட்டுப் புத்தகம், மலையாளத்துக்குக் கேரளப் புத்தகம், கணக்குக்கு மத்தியப் புத்தகம் என்று குழு தீர்மானித்திருக்கிறது. அச்சுப்பொறியின் மை தீர்ந்ததால் தீர்மானம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஓணத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று. வடக்குச் சுவரைப் படியெடுக்க விரும்பும் ஆய்வாளர்கள் அதற்குள் வரலாம். நேரம் பிற்பகல் ஒன்றரை முதல் மூன்று வரை, கடைக்குட்டி தூங்கும்போது. அழைப்பு மணியை அழுத்தக் கூடாது.