45 நாள் வாய்தா

அமெரிக்காவில் கஜானாவின் சாவி அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸிடம்தான் இருக்கிறது. அது ஒதுக்கிய பணத்தை அதிபர் நிக்சன் செலவழிக்காமல் அமுக்கிவைத்ததால், 1974-ல் சட்டமே போட்டார்கள். வேண்டாத ஒதுக்கீட்டை ரத்துசெய்யும்படி அதிபர் காங்கிரஸிடம் கேட்கலாம். அதுவரை 45 நாள் நிறுத்தி வைக்கலாம்.

சட்டம் எழுதியவர்கள் காலண்டரைப் புரட்டவில்லை போலும்!

2025 ஆகஸ்ட் கடைசியில் டிரம்ப் அரசு, சுமார் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவி நிதியை ரத்துசெய்யக் கோரிக் கடிதம் அனுப்பியது. நிதியாண்டு முடிவதோ செப்டம்பர் 30. உறுப்பினர்கள் கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார்கள். வாய்தா முடிவதற்குள் பணம் காலாவதியாகிவிடும். காங்கிரஸ் 'முடியாது' என்றாலும் ஒன்றுதான், வாயே திறக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த உத்தியே சட்டவிரோதம் என்றது காங்கிரஸின் தணிக்கை அலுவலகம். செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர் சூசன் காலின்ஸும் அதையே சொன்னார். இத்தனைக்கும் அவர் அதிபரின் கட்சிக்காரர்.

செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம், அந்த நிதியில் சுமார் 400 கோடி டாலரை நிறுத்திவைக்க அனுமதித்தது. இடைக்கால உத்தரவுதான். ஆனால் நான்கே நாளில் நிதியாண்டு முடிந்துவிட்டது.