சொப்புக்குள் ஓர் ஊர்

கல்லூரி மாணவி, தரமணி: ‘மைக்ரோகாஸம்’ என்பதற்குத் தமிழில் சொல் உண்டா?

எப்போதோ வந்துவிட்டது: பிண்டம். அண்டத்தில் உள்ளதெல்லாம் இந்த உடம்பிலும் உண்டு என்றார்கள் சித்தர்கள். கிரேக்கச் சொல்லைப் பிரித்தாலும் ‘சின்ன உலகம்’ என்றே வரும். அவர்களும் மனிதனைத்தான் அப்படி அழைத்தார்கள். ஆனால் இன்று பிண்டம் என்றால் எள்ளும் சோறும்தான் நினைவுக்கு வருகிறது. கட்டுரையில் ‘சிற்றுலகம்’ என்று எழுதுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

மென்பொருள் ஊழியர், பெருங்குடி: எங்கள் அலுவலகத்தில் பதினொரு மாநிலத்தார் இருக்கிறோம். ‘குட்டி இந்தியா’ என்று சொல்லலாமா?

வாசலில் நிற்கும் காவலாளியையும், கழிப்பறை கழுவும் அக்காவையும், பக்கத்து மனையில் சாரத்தில் நிற்கும் ஒடிசாக்காரரையும் சேர்த்து எண்ணியிருந்தால் சொல்லலாம். மாலையில் தரமணி ரயில் நிலையப் படிக்கட்டில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அந்தப் பெயர் அங்கே பொருந்தும்.

இல்லத்தரசி, மயிலாப்பூர்: சின்ன உலகத்துக்கான சொற்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

சிற்றில். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்குரிய கடைசி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். ஊரில் உள்ள வீடும் பறையும் தேரும் பிள்ளையின் கைக்கு அடங்கிவிடுகின்றன. சிறுமிகள் மணலில் வீடு கட்டி, மணலையே சோறாக்கிப் பரிமாறுவார்கள், அது சிறுசோறு. பையன் வந்து வீட்டை மிதிப்பான். மிதிக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுவதற்கென்றே ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் பாடினாள். மணல்வீடுதானே என்று அவள் விட்டுவிடவில்லை.

அடுத்தபடியாகச் சொப்பு. உங்கள் மாடவீதியில் வாங்கிய மரச்சொப்பு என் பேத்தியிடம் இருக்கிறது. அம்மி, உரல், திருகை, ஆட்டுக்கல் எல்லாம் கட்டைவிரல் உயரம். ஆட்டுக்கல்லின் குழவியை விரல்நுனியால் சுற்றி மாவரைக்கிறாள். எங்கள் வீட்டு ஆட்டுக்கல் போய் இருபது வருடமாகிறது. அவள் அதைப் பார்த்ததே இல்லை. பெரியது போன பிறகும் சின்னது அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. சொப்பை விளையாட்டுச் சாமான் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆசிரியர், திருவான்மியூர்: ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதும் இதுதானே?

இல்லை. அந்தச் சோறு பானை வெந்ததா என்று சொல்லும். அதற்குள் பானை இல்லை. திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரில் ஒரு வெண்பா உண்டு. தினையளவுகூட இல்லாத புல்நுனிப் பனித்துளிக்குள் நெடும் பனைமரம் முழுதாகத் தெரிவதைச் சொல்லி, குறளும் அப்படித்தான் என்கிறது. நீங்கள் தேடுவது அதுதான்.

மாணவர், அடையாறு: கொலு?

சந்தேகமே வேண்டாம். மளிகைக் கடைச் செட்டியாருக்கும் அங்கே ஒரு படியில் இடம் உண்டு.

ஓய்வுபெற்ற தட்டச்சர், தி.நகர்: தரமணியில் நேரில் பார்க்கக்கூடிய சின்ன உலகம் ஏதும் உண்டா?

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் தனி ஒருவராக நூல் சேர்த்த ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் அதைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-இல் நூலகம் தொடங்கியது. பொடியாக உதிரும் பழைய பக்கங்களை அங்கே நுண்படச் சுருள்களில் ஏற்றினார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுருளில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். சிந்துவெளி ஆய்வு மையமும் அங்கேதான் இருக்கிறது. சிந்துவெளி எழுத்தாய்வாளர் ஐராவதம் மகாதேவன் வழிகாட்டிய மையம் அது. சிந்துவெளி முத்திரைகளில் பல ஓர் அங்குலச் சதுரம்தான். அதற்குள் ஒரு விலங்கும் ஒரு வரி எழுத்தும்.

தொகுப்பில் கனமான நூல்கள் மட்டும் இல்லை, நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் உண்டு. உங்கள் பரணிலும் தாத்தா காலத்துக் கட்டு ஒன்று இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் தரமணிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.