சர்வரில் ஏறிய உறவுகள்

போன வாரம் என் தங்கை மகன் கிரகப்பிரவேசத்துக்கு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பியிருந்தான். பிள்ளையார் படம், லக்னம், வழிகாட்டும் வரைபடம் என்று எல்லாம் முறையாகத்தான் இருந்தன. கண் சும்மா இராமல் பெறுநர் வரிக்குப் போனது. அங்கே நான் ‘கட்டுரை மாமா’ என்று இருந்தேன்.

எனக்கு முன்னால் ‘மதுரை அத்தை புதுசு’. பின்னால் ‘பிளம்பர் பாதி வேலை’. சற்றுத் தள்ளி ‘மாடி வீடு எடுக்காதே’. எல்லோரையும் ஒரே வரியில் போட்டு அனுப்பிவிட்டதால் எல்லோரும் எல்லோர் பட்டத்தையும் படித்தோம். ‘எடுக்காதே’ அன்று மாலையே போன் செய்தாராம். இவனும் எடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

போனில் வைத்த பெயர் என்றால் நம் சட்டைப் பைக்குள்ளேயே செத்துப்போகும். மின்னஞ்சல் அப்படி விடாது. விலாசப் புத்தகத்தில் என்ன பெயர் வைத்தோமோ அதை முகவரிக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு நேரே அந்த ஆளிடமே கொண்டுபோய்க் கொடுக்கும்.

பையன் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அந்த வேலை போதாதென்று குடும்பத்துக்கென ஒரு மெயில் சர்வரையும் வாடகைக்கு எடுத்து நடத்துகிறான். “இனிமே அட்ரஸ் புக், ஃபில்டர் எல்லாம் சர்வர்லதான் மாமா. ஒருத்தர் திருத்தினா எல்லார் போன்லயும் திருந்திடும்” என்றான். திருந்தியது. என் மனைவியின் போனில் இத்தனை வருடம் ‘அவர்’ என்று கௌரவமாக இருந்தவன், இப்போது அவளுக்கும் கட்டுரை மாமா. என் போனில் எனக்கே நான் கட்டுரை மாமா. “பொருத்தமாத்தானே இருக்கு” என்கிறாள்.

நானே உட்கார்ந்து மாற்றினேன். ராத்திரிக்குள் பழைய பெயர் திரும்ப வந்துவிட்டது. விலாசப் புத்தகத்தைச் சர்வரிலும் போன்களிலும் ஒன்றாக வைத்திருக்கும் கார்ட்டாவ் என்ற 2011-ஆம் ஆண்டு ஏற்பாடுதான் இதற்குக் காரணமாம். புத்தகத்தில் ஆளுக்கு ஓர் அட்டை; ஒவ்வொரு அட்டைக்கும் சர்வர் ஓர் அடையாளக் குறி வைத்திருக்கும். பழைய குறியோடு வரும் திருத்தத்தை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். அதுவரை நியாயம்தான். திருப்பி அனுப்பிய பிறகு எது ஜெயிக்க வேண்டும் என்பது அந்தந்தப் போனின் பெருந்தன்மை. எங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவருடைய போனுக்குப் பெருந்தன்மை கிடையாது. யார் என்று தெரியும். சொன்னால் கிரகப்பிரவேசத்துக்குப் போக முடியாது.

ஃபில்டர் எழுதும் நல்ல முறை ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன் இந்த அட்டை விஷயத்தை முடித்துவிடலாம்.

ஒரு குடும்பத்துக்கு ஒரே புத்தகம் என்றால் ‘அத்தை’ என்று யாரைப் போடுவது? என் மனைவி இந்தப் பையனுக்கு அத்தை. இவன் அம்மாவுக்கு அண்ணி. என் பெண்ணுக்கு அம்மா. என் தம்பி பிள்ளைகளுக்குப் பெரியம்மா. புத்தகத்தைத் திறந்தால் அம்மா என்று ஐந்து அட்டைகள். இதற்கெல்லாம் தரநிர்ணயம் இருக்குமே என்று தேடினேன். இருக்கிறது. விகார்டு என்பார்கள். அதன் நான்காம் பதிப்பு, ஆர்எஃப்சி 6350 என்ற இணையத் தரநிர்ணய ஆவணமாக, 2011 ஆகஸ்டில் வெளியானது. ஒருவருக்கு இன்னார் என்ன உறவு என்று குறிக்க அதில் தனி இடமே உண்டு. மொத்தம் இருபது வகை. ஆவலோடு படித்தேன்.

தெரிந்தவர், அறிமுகமானவர், நண்பர், நேரில் பார்த்தவர் என்று முதலில் நான்கு. உடன் வேலை செய்பவருக்கு ஒன்று, சக தொழில்காரருக்கு வேறொன்று. ஒரே வீட்டில் இருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளை, பெற்றோர், உடன்பிறப்பு, வாழ்க்கைத்துணை. அடுத்து ‘கின்’, அதாவது உறவுக்காரர். ஒரே சொல். அத்தோடு உறவு முடிந்தது. அதற்குக் கீழே வரிசையாக மியூஸ், கிரஷ், டேட், ஸ்வீட்ஹார்ட்.

நன்றாகக் கவனிக்க வேண்டும். காதலுக்கு நான்கு படிகள். கவிதை எழுதத் தூண்டுகிறவள் வேறு, ஒருதலையாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் வேறு, காபி சாப்பிடக் கூட்டிப்போகிறவள் வேறு, கைகூடியவள் வேறு. இவ்வளவு நுணுக்கம் பார்த்த கமிட்டிக்கு சித்தப்பாவும் சகலையும் ஒன்று. நாத்தனாரும் ஓரகத்தியும் ஒன்று! ஒரு நாத்தனாரையும் ஓரகத்தியையும் ஒரே அறையில் அரைமணி நேரம் விட்டுப் பார்த்தவர் ஒருவராவது அந்தக் கமிட்டியில் இருந்திருக்க வேண்டாமா? மாமியார் கின். மாமியாரின் தங்கையும் கின். கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் வராதவர் கின். கூப்பிடாமலே மூன்று நாள் முன்னதாக வந்தவரும் கின். தாய்மாமன் சீர் செய்கிறவன். அவன் எதுவும் செய்யாதவனோடு ஒரே வரிசையில் நிற்கிறான். என் புத்தகத்தில் இந்த இடத்தை ஒழுங்காக நிரப்பினால் நூற்றுக்கு எழுபது அட்டை கின்தான். மியூஸ் ஒன்றுகூடத் தேறாது. இந்தப் பட்டியலை அவர்கள் 2003-இல் வந்த எக்ஸ்எஃப்என் என்ற வேறொரு பட்டியலிலிருந்து பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டு, ஏஜென்டையும் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரையும் கூடுதலாகச் சேர்த்தார்களாம். ஏஜென்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்து ஒரு கணம் மகிழ்ந்தேன், எங்கள் சகலை அதுதான். இது சார்பாக வேலை பார்ப்பவராம். சகலை மறுபடி கின் ஆனார்.

அதே அட்டையில் பெயருக்கு ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் குடும்பப் பெயர். நமக்கு ஏது? பையன் எல்லோருடைய இனிஷியலையும் அதில் போட்டிருக்கிறான். அகரவரிசை அதை வைத்துத்தான். அதனால் எங்கள் அப்பா காலமாகி வருடங்கள் ஆன பிறகும், பிள்ளைகளை ஓரிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். கல்யாணமான என் தங்கை மட்டும் வேறு எழுத்துக்குப் போய்விட்டாள்.

ஃபில்டர். சர்வரில் ஓடும் ஃபில்டருக்கு சீவ் என்றொரு மொழி இருக்கிறது. 2001-இல் முதல் வரையறை, 2008-இல் திருத்தியது. நம் கணினியில் ஓடும் ஃபில்டர் அது விழித்திருந்தால்தான் வேலை செய்யும்; இது நாம் தூங்கும்போதும் கடிதம் வந்த வாசலிலேயே பிரித்துவிடும். சொன்னதையே சுற்றிச் சுற்றிச் சொல்லும் வசதி இந்த மொழியில் வேண்டுமென்றே கிடையாது. யாராவது முடிவில்லாமல் ஓடும் விதியை எழுதி சர்வரை முடக்கிவிடக் கூடாதென்று அப்படி வைத்தார்கள். எங்கள் குடும்ப வாட்ஸப்புக்கு அவர்களை அழைத்து வர முடிந்தால் நல்லது. இன்னொரு நல்ல குணம், எந்த விதிக்கும் சிக்காத கடிதத்தை அது தூக்கி எறியாது, இன்பாக்ஸிலேயே விட்டுவைக்கும். லீவில் இருக்கிறேன் என்ற தானியங்கிப் பதிலைக்கூட, நாம் வேறு கணக்குச் சொல்லாவிட்டால், ஒரே ஆளுக்கு ஏழு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பாது. மரியாதை தெரிந்தவர்கள் செய்த மொழி.

அதில் விதி எழுதியவன் என் தங்கை மகன். புத்தகத்தில் இருப்பவர் கடிதம் இன்பாக்ஸுக்கு, இல்லாதவர் கடிதம் ‘அந்நியர்’ என்ற கோப்புறைக்கு. ஸ்பாமுக்கு எமனாம். 1978 மே மாதத்தில், உலகத்தின் முதல் ஸ்பாம் என்று இப்போது சொல்லப்படும் கடிதத்தை அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அனுப்பினார்கள். அச்சடித்த விலாசப் புத்தகத்தைப் பார்த்து சுமார் நானூறு பேர் முகவரியைக் கையால் தட்டினார்கள். இடம் போதாமல் முகவரிகள் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. விலாசப் புத்தகம் இருப்பதால்தான் ஸ்பாமே வந்தது என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். “அது வேற மாமா” என்றான்.

விளைவு: எப்போதோ ஒரு மெத்தைக் கடையின் முகவரியைச் சேமித்து வைத்ததால், தினமும் காலையில் மெத்தைத் தள்ளுபடி இன்பாக்ஸில் ராஜமரியாதையோடு வந்து உட்காருகிறது. என் பெண்ணின் மாமனார், அதாவது என் சம்பந்தி, புது முகவரியிலிருந்து சீமந்தத்துக்குத் தேதி கேட்டு எழுதிய மூன்று கடிதங்களும் அந்நியரில் கிடந்தன. “மெயில் போட்டேனே, பாக்கலீங்களா?” என்று அவர் கேட்ட குரலுக்கு எந்த ஆர்எஃப்சியிலும் பதில் இல்லை.

“அவர் புது அட்ரஸைச் சேர்த்துடுங்க மாமா, சரியாயிடும்” என்கிறான் பையன். என்ன பெயரில் சேர்க்க? சம்பந்தி என்று போட்டால் என் தம்பியின் சம்பந்தியோடு குழம்பும். வெறும் பெயரைப் போட்டால், சம்பந்தியைப் பெயர் சொல்லி எழுதியவன் என்று குடும்பத்து அத்தனை போனிலும் நிற்கும். யாராவது அழைப்பு அனுப்பும்போது அவரிடமே போய்ச் சேரும். ‘சம்பந்தி ஐயா’ என்று மனைவி சொன்னாள். அப்படியானால் தம்பியின் சம்பந்தி ஐயா இல்லையா என்று தம்பி கேட்பான்.

இப்போதைக்கு நானே காலையும் மாலையும் அந்நியர் கோப்புறைக்குப் போய், லாட்டரிப் பரிசுகளுக்கு நடுவிலிருந்து அவர் கடிதத்தைப் பொறுக்கி எடுத்து இன்பாக்ஸில் வைக்கிறேன். இதற்கும் ஒரு விதி எழுதித் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.