மனஸ்தாப விளக்கம்: தொகை, வகை, விரி, புறனடை

பாயிரம்

பாவத்தை வகுத்தவர் பலர். ஆங்காரம் முதல் சோம்பல் ஈறாகத் தலையான பாவம் ஏழு என்றனர். கனம் பார்த்துச் சாவான பாவம், அற்பப் பாவம் என்று இரண்டாக்கினர். வருந்துவதையும் விடவில்லை, உத்தம மனஸ்தாபம், அற்ப மனஸ்தாபம் என்று அதையும் பிரித்தனர். ஞானோபதேச வகுப்பில் பிரம்புக்குப் பயந்து இவற்றை ஒப்பித்தவர் இன்னும் நம்மிடையே உளர். ஆனால் பாவியை வகுத்தார் இலர். அக்குறை நீக்க எழுந்தது இந்நூல்.

இதன் எல்லை, வடக்கே காரைக்குடி, மேற்கே இடைக்காட்டூர், கிழக்கே ஓரியூர், தெற்கே கடல். 1987-ல் மதுரையிலிருந்து பிரிந்த சிவகங்கை மறைமாவட்டம் பெரும்பாலும் இதனுள் அடங்கும். கேட்போர், தவக்காலத்தில் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்போர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவத்தை வெளியிட வேண்டும் என்று 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அந்த ஒருமுறையையும் பெரிய வியாழனுக்கு முந்திய நாள் வரை தள்ளிப்போடுவது நம்மவர் வழக்கு. பயன், வரிசை சற்றே குறைதல்.

தொகை

குற்ற உணர்வுடையார் அறுவர்.

வகை

பட்டியலார், பிறர்பாவத்தார், பன்மையார், ஐயுறுவார், சாட்சியார், நடையார் என்ப.

விரி

1. பட்டியலார்: புதுநன்மை வாங்கிய வயதில் கற்ற பட்டியலை மாற்றாமல் சொல்வோர். "பொய் சொன்னேன், கெட்ட வார்த்தை பேசினேன், தம்பியை அடித்தேன்." சொல்பவருக்கு வயது ஐம்பத்தெட்டு; தம்பி மாவட்டக் கருவூலத்தில் ஓய்வுபெற்றவர். அந்தத் தம்பியின் பங்கு நிலத்தைத் தம் பெயருக்குப் பட்டா மாற்றிய செய்தி பட்டியலில் ஏறாது. பட்டியல் தயாரான காலத்தில் அது நடக்கவில்லை என்பது அவர் தரப்பு நியாயம்.

2. பிறர்பாவத்தார்: "என் மருமக இருக்காளே சாமி..." என்று தொடங்குவோர். பங்குச்சாமி "உங்க பாவத்தைச் சொல்லுங்கம்மா" என்றால், "அதைத்தான் சாமி சொல்ல வர்றேன், அவளாலதான் எனக்குக் கோபம் வருது" என்பர். இவ்வகையில் ஆண்பாலும் உண்டு. அவர்கள் மேலதிகாரியிலிருந்து தொடங்குவர்.

3. பன்மையார்: "நாமெல்லாம் பாவிகள்தானே" என்போர். சி.எஸ்.ஐ. ஆலயத்தில் சபையார் ஒரே குரலாகப் பாவ அறிக்கை சொல்லும்போது இவர்கள் குரலே ஓங்கி நிற்கும். கத்தோலிக்கர் திருப்பலித் தொடக்கத்தில் மார்பில் அறைந்துகொள்ளும்போதும் இவர்கள் அறையே பலத்துக் கேட்கும். எல்லாரும் குற்றவாளிகள் என்றால் யாரையும் தனியே விசாரிக்க வேண்டியதில்லை அன்றோ.

4. ஐயுறுவார்: மன்னிப்புப் பெற்று வாசற்படி தாண்டுமுன் ஒன்றை விட்டுவிட்டோமோ என்று திரும்புவோர். இவரை நகைத்தல் இந்நூலுக்கு உடன்பாடன்று. மறைபரப்பக் குரு அருளானந்தரை மறவர் நாட்டுக்கு அனுப்பிய சேசு சபையைத் தோற்றுவித்த இஞ்ஞாசியாரே 1522-ல் மன்ரேசாவில் இதனால் வாடியவர். சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி சொன்னார். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்னும் அளவுக்கு மனம் நொந்தார். பழையதை இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தபின்தான் மீண்டார். இவர்க்கு வேண்டுவது இன்னொரு பாவசங்கீர்த்தனம் அன்று. பெற்ற மன்னிப்பை நம்புவது.

5. சாட்சியார்: ஜெபக்கூட்ட மேடையில் தம் பழைய பாவத்தை ஒலிபெருக்கியில் சொல்வோர். முதலாண்டில் எப்போதாவது குடித்தவர், ஐந்தாமாண்டில் விடியற்காலையிலேயே குடித்தவர் ஆவார். பத்தாமாண்டில் ஊரே அவரைக் கண்டு நடுங்கியிருக்கும். அன்று அடிபட்ட மனைவி முதல் வரிசையில் அமர்ந்து "அல்லேலூயா" சொல்ல வேண்டும். அவரிடம் ஒலிவாங்கி தருவது மரபில் இல்லை.

6. நடையார்: தேவகோட்டை, திருவாடானை வழியாக ஓரியூருக்கு நடப்போர். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் தலை வெட்டுண்ட இடம் அது; 1947-ல் அவர் புனிதர் ஆனார். வரலாறு தெரிந்ததே. மறவர் நாட்டுத் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு வாழ்வதானால் தரலாம் என்றார் அருளானந்தர். தேவர் மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களுள் இளையவரான கடலாயி, மறவர் நாட்டு அரசர் கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண்; அவரிடம் முறையிட்டார். திருந்தியவர் ஒருவர், அதற்குத் தலையைக் கொடுத்தவர் வேறொருவர், வீட்டை இழந்தவர்கள் இன்னும் சிலர். அந்தப் பெண்களிடம் யார் மன்னிப்புக் கேட்பது என்ற கேள்வி, அவ்விடத்துச் செம்மண்ணை முடிந்துகொண்டு திரும்பும் நடையார்க்கு எழுவதில்லை. அவர்களுக்கும் அடுத்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது ஆண்டாகிறது. ஓரியூர் தூரம், ஆனாலும் அடுத்த வீட்டைவிடப் பக்கம்.

புறனடை

மேற்கூறிய அறுவர்க்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. தீங்கு செய்தது ஒருவர்க்கு. தீர்க்கப் போவது இன்னொருவரிடம். ரங்கூனில் செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக இருந்தவனுக்கும் தெரியும்: ஒருவரிடம் பட்ட கடனை வேறொருவரிடம் பைசல் செய்தால் ஏட்டில் ஏறாது.

அற்றேல் கடவுளின் மன்னிப்பு வீணோ எனின், அன்று. மத்தேயு நற்செய்தியின் உவமையில் அரசன் ஒரு வேலைக்காரனுக்குத் தள்ளுபடி செய்த கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்று கொண்டால் 6 கோடி நாள் கூலி. வெளியே வந்தவன், தனக்கு நூறு நாள் கூலி தரவேண்டியவன் கழுத்தைப் பிடித்தான். தள்ளுபடி செய்ததில் அரசன் கஞ்சத்தனம் காட்டவில்லை. தள்ளுபடி பெற்றவன் தெருவில் எப்படி நடந்தான் என்பதே வழக்கு. அதே நற்செய்தி, சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கிடைக்கும் மன்னிப்பு, அந்த வாசலுக்குப் போகத் தேவையான துணிச்சல். துணிச்சலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வோரே மேற்கூறிய அறுவர்.

பட்டாவைத் திருப்பி மாற்றித் தந்து "தப்புப் பண்ணிட்டேன்டா தம்பி" என்பார் ஏழாம் வகையினர். மிகச் சிலர் ஆதலின் தனிப்பெயர் இட்டிலம்.

இனி ஒன்று. போய்க் கேட்டாலும் அவன் மன்னிக்காமல் போகலாம், கதவைச் சாத்தலாம். அது அவன் உரிமை. "கடவுளே என்னை மன்னிச்சிட்டார், உனக்கென்ன?" என்று கேட்க இந்நூலில் மட்டுமன்று, எந்நூலிலும் விதி இல்லை.