சுவரைத் தட்டிப் பார்த்தவர்கள்

வீடு பார்க்கப் போவது என்றால் அந்தக் காலத்தில் ஒரு சின்ன ஊர்வலமே கிளம்பும். வாங்கப் போகிறவர், அவர் மனைவி, தரகர், மனையடி சாஸ்திரம் தெரிந்த ஒரு பெரியவர், துணைக்கு இருக்கட்டும் என்று அழைத்து வரப்பட்ட ஒரு மாமா. இவர்கள் எல்லோருக்கும் பின்னால், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, தோளில் துண்டும் மடியில் வெற்றிலைப் பொட்டலமுமாக அதிகம் பேசாமல் வருகிற மேஸ்திரி. கும்பகோணத்திலும் மாயவரத்திலும் என் வயதில் வளர்ந்தவர்களுக்கு அந்த மனிதரை நன்றாகத் தெரிந்திருக்கும். மதுரையிலோ நெல்லையிலோ வளர்ந்தவர்கள் வேறொரு முகத்தோடு, வேறொரு பேச்சோடு அவரையே நினைத்துக்கொள்ளலாம். பெரியவர் வாசல் எந்தத் திசை, அடுப்பங்கரை எந்த மூலை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், வீடு நிற்குமா நிற்காதா என்பதைப் பார்த்தவர் அவர்தான்.

1980களின் தொடக்கத்தில் என் அப்பா கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை விலை பேசினார். பள்ளி ஆசிரியர், வைப்பு நிதிக் கடன், அம்மாவின் வளையல்கள், தாத்தா விட்டுப்போன கொஞ்சம் நிலத்தின் விலை என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித்தான் அந்தத் தொகை தேறியது. வாழ்நாளில் ஒரு தடவைதான் செய்ய முடியும் என்று தெரிந்து செய்கிற காரியம். அதனால் அவர் தெருவுக்கே பழக்கமான மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனார். நான் மேஸ்திரியின் பின்னாலேயே போனேன், அவர் குனிந்தால் குனிந்து, அண்ணாந்தால் அண்ணாந்து.

அவர் நேராக உள்ளே நுழையவில்லை. முதலில் தெருவில் நின்று கூரையின் முகட்டைப் பார்த்தார், கோடு நேராக ஓடுகிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று. பிறகு கொல்லைப்பக்கமாகச் சுற்றி வந்து சுவர்களின் கீழ்ப்பாகத்தைப் பார்த்தார். காவிரிப் படுகை மண் தண்ணீர் குடிக்கிற மண். நிலத்திலிருந்து சுவருக்குள் ஈரம் ஏறி, இடுப்பளவுக்குக் காரை உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். ஓதம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் புரியும். அந்த வீட்டில் சுவர் பளிச்சென்று வெள்ளையடித்து இருந்தது. மேஸ்திரி கையை விரித்து, உள்ளங்கையைச் சுவரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விரல் முட்டியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே நடந்தார். செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற பூச்சு கெட்டியாக ஒலிக்கும்; விட்டுப்போன பூச்சு உள்ளே காற்றிருப்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஓசை மாறுகிற இடத்தில் எல்லாம் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், கேட்டாயா என்பது போல. கேட்டேன் என்று நான் தலையாட்டினேன். அந்த வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்குக் கிடைத்ததில்லை.

பின்கட்டில் ஓடு கிடையாது, மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கிய தளம் அது. பிரிட்டிஷ் காலத்து அலுவலகங்களிலும் சொந்த வீடுகளிலும் இந்தத் தளம் பல தலைமுறைகளைத் தாங்கியிருக்கிறது. கட்டையின் நுனி சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் அது சாகும், ஈரமும் கரையானும் அங்கேதான் சந்திக்கும். மேஸ்திரி பரண்மேல் ஏறி ஒவ்வொரு நுனியையும் சின்ன உளியால் தட்டினார். மொட்டைமாடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். கதவைப் பாதி திறந்து விட்டார். தானாக நகர்கிற கதவு நிலை சாய்ந்திருப்பதைச் சொல்லும். சந்தேகத்துக்குத் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் வைத்துப் பார்த்தார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, வாயில் விட்டுக் கொப்பளித்து, கொஞ்சம் விழுங்கினார். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், சித்திரையில் கயிறு எவ்வளவு ஆழம் இறங்கும் என்று கேட்டார். பாட்டி கிணற்றையும் சொன்னாள், 1977 புயலில் எந்தச் சுவர் நனைந்தது என்பதையும் சொன்னாள், அதோடு விற்கிறவர்களின் குடும்பக் கதையையும் சேர்த்துச் சொன்னாள்.

விற்கிறவர் எதிரில் மேஸ்திரி எதுவும் பேசவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தார். வீடு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெருமுனை டீக்கடைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வாத்தியாரய்யா, செவுத்துல ஓதம் இருக்குங்க, வெள்ளையடிச்சு மறைச்சிருக்காங்க. அதப் பாத்துக்கலாம். பின்கட்டுல கெணத்தோரம் ஒரு வெடிப்பு குறுக்கால இறங்குது பாருங்க, அதான் எனக்குப் புடிபடல. சிமிட்டிப் பொட்டு வச்சுத் தேதி எழுதிட்டு வந்திருக்கேன். ஐப்பசி மழை முடியட்டும். பொட்டு வெடிச்சுதுன்னா வேணாம். வெடிக்கலேன்னா தெகிரியமா அட்வான்ஸ் குடுங்க."

அப்பா காத்திருந்தார். விற்கிறவரும் காத்திருந்தார்! இன்றைக்கு இதை நினைத்தால் எனக்கு மேஸ்திரியின் திறமையைவிட அந்தக் காத்திருத்தல்தான் ஆச்சரியமாகப் படுகிறது. ஒரு வீட்டை ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் பார்த்து வாங்குகிற அவகாசம் இரண்டு தரப்புக்கும் இருந்தது. களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்புகிறது. அந்த ஒரு சுற்று முடியாமல் அதன்மேல் நிற்கிற வீட்டைப் பற்றி யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பொட்டு வெடிக்கவில்லை. கார்த்திகையில் பத்திரம் எழுதினார்கள்.

ஓதத்தைச் சரிசெய்கிற வேலையையும் மேஸ்திரியே எடுத்துச் செய்யட்டும் என்று அப்பா கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். "நானே கொறை சொல்லி நானே கூலி வாங்கினா அது என்ன நாயமுங்க? வேற ஆள வச்சுக்குங்க, சாந்து கலக்கயில நான் வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்." வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்த பணத்தை எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு போனார். இந்தத் தொழிலுக்கு எழுதப்படாத ஒரு சட்டப் புத்தகம் இருந்தது என்றால், அதன் முதல் விதி இதுதான் என்று நான் நம்புகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் மகள் சென்னையில் மேடவாக்கம் பக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குச் சற்றுத் தள்ளி, புதிதாகக் கட்டிய ஒரு அடுக்ககத்தில் வீடு பார்த்தாள். ஊர்வலம் இல்லை. நானும் அவளும் மட்டும். வில்லங்கச் சான்றுக்காக அப்பா பதிவு அலுவலகத்து மர பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவள் அதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அந்த பெஞ்சுக்காக ஏங்க என்ன இருக்கிறது?

வங்கிப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார், கடன் கிடைத்துவிட்டது, எனவே வீடு நன்றாகத்தான் இருக்கும் என்று நண்பர்கள் அவளிடம் சொன்னார்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வங்கி அனுப்புகிறவர் வங்கிக்காக வருகிறார். கொடுக்கிற கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதுதான் அவர் கேள்வி. குளியலறையில் தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மறுபக்கம் ஓடுகிறதா என்று அவர் ஏன் பார்க்க வேண்டும்? வாங்குகிறவருக்காகப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் இப்போது வீட்டுச் சோதனை நிறுவனம் என்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் நிறுவனத்தைக் கட்டுமானக்காரரின் விற்பனைப் பிரிவே சிபாரிசு செய்தது, கட்டணத்தில் தள்ளுபடியும் உண்டு என்றது. மகள் அவர்களிடம் ஒரு மாதிரி அறிக்கை கேட்டு வாங்கினாள். வழவழப்பான படங்கள், பச்சை மஞ்சள் சிவப்புக் கட்டங்கள், கடைசிப் பக்கங்களில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலைக்கு அதே நிறுவனத்தின் விலைப்பட்டியல். அவள் அதை என்னிடம் நீட்டியபோது நான் மேஸ்திரியின் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு வேறு ஆள் தேடினாள்.

கிடைத்தவர் ஒரு இளம் சிவில் பொறியாளர், பல ஆண்டுகள் கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்த பெண். வீடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரே கட்டணம். பழுது பார்க்கும் வேலை எடுப்பதில்லை. பார்க்கும்போது நீங்களும் கூடவே வர வேண்டும் என்றார், அதுதான் எனக்கு முதலில் பிடித்தது. அதைவிடப் பிடித்தது, எதையெல்லாம் தன்னால் பார்க்க முடியாது என்பதை அவர் முன்கூட்டியே சொன்னது. சுவருக்குள் போகிற குழாய், தூணுக்குள் இருக்கிற கம்பி, மண்ணுக்குள் இருக்கிற அஸ்திவாரம் இவை கண்ணுக்குத் தெரியாதவை. அதற்கு மண் பரிசோதனை அறிக்கையையும் கட்டமைப்பு வரைபடத்தையும் கேளுங்கள், சந்தேகம் வந்தால் கட்டமைப்புப் பொறியாளரைத் தனியாகக் கூப்பிடுங்கள் என்றார்.

அவர் அதைச் சொன்னபோது எனக்கு மௌலிவாக்கம் ஞாபகம் வந்தது. 2014 ஜூன் 28 அன்று மாலை, மழையில், கட்டி முடிக்கப்படாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். வீடு வாங்கக் காத்திருந்தவர்கள் அன்றைக்குத்தான் அஸ்திவாரத்தைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். எங்கள் மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருடைய விரல் முட்டிக்கு அங்கே வேலை இல்லை. ஒற்றை மாடி வீட்டின் அறிவு அது. அதன் எல்லைக்குள் அது முழுமையாக இருந்தது.

பொறியாளரின் பையிலிருந்து வந்த கருவிகளை நான் பழைய ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வெப்பக் கேமராவில் சுவர் நீலமும் ஆரஞ்சுமாகத் தெரிந்தது. "அங்கிள், இது ஈரத்தைக் காட்டுறதில்ல, சூடு வித்தியாசத்தை மட்டும்தான் காட்டும். நீலமா இருக்கிற எடமெல்லாம் கசிவுன்னு சொல்லிடக் கூடாது, ஏசி பைப் போற எடமும் நீலமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஈரமானியை அதே இடத்தில் அழுத்திச் சரிபார்த்தார். மேல் வீட்டுக் குளியலறைக்குக் கீழே ஒரு மூலையில் இரண்டு கருவிகளும் ஒரே பதிலைச் சொன்னன. லேசர் அளவுகோலால் அறைகளை அளந்து கார்ப்பெட் ஏரியாவை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டார். படிக்கட்டையும் லிஃப்டையும் நம் தலையில் கட்டி அளவு சொன்ன காலத்தில் வாங்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் வருகிறதா என்று பார்த்தார். கார் நிறுத்துமிடத்தில் மின்சார மீட்டர்ப் பெட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எந்தச் சென்னைவாசியும் அதற்குக் காரணம் கேட்கமாட்டார்.

பிறகு பையிலிருந்து ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து நீட்டினார், நுனியில் ஒரு சிறிய குண்டு. அதைக் கொண்டு தரையின் டைல்ஸை வரிசையாகத் தட்டிக்கொண்டே நடந்தார். அடியில் சிமென்ட் சரியாகப் பரவாத இடத்தில் ஓசை மாறியது. நான் நின்றுவிட்டேன். "கேட்டுச்சா அங்கிள்?" என்றார். கேட்டது. எவ்வளவோ வந்த பிறகும், உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று அறிய மனிதக் காது இன்னும் தேவைப்படுகிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒன்றுதான் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி. புதிய அடுக்ககத்தில் எல்லோரும் புதியவர்கள், மழைக்கு அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று யாருக்கும் தெரியாது. நானும் மகளும் தெருவில் இறங்கி நடந்து, வேப்ப மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம் கேட்டோம். அவர் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த 2015 வெள்ளத்தில் தண்ணீர் வந்த அளவைத் தன் தொடையில் கையை வைத்துக் காட்டினார், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் சொன்னார். அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் அந்த வரி இல்லை. வீடு பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் பொறியாளரை அழைத்துப் போவதோடு அந்தத் தெருவில் பல காலம் நின்று தொழில் செய்கிற ஒருவரிடமும் பேசிவிட்டு வர வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

பொறியாளரின் பட்டியலை வைத்து மகள் கட்டுமானக்காரரிடம் பேசினாள். சாவி வாங்கும் முன்பே மூலைக் கசிவையும் டைல்ஸையும் சரிசெய்தார்கள். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையையும் வேலைக் குறையையும் சுட்டிக்காட்டினால், 30 நாளைக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. அப்பாவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. மேஸ்திரியின் சொல்தான் இருந்தது. ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் அதே பொறியாளரை இன்னொரு முறை கூப்பிட்டு முழு வீட்டையும் காட்டுவது என்று மகள் முடிவு செய்திருக்கிறாள், அதுவும் ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு. நல்ல முடிவு.

ஆனால் இந்தப் பொறியாளர் கிடைத்தது எங்கள் நல்ல நேரம். பை நிறையக் கருவி வாங்கிக்கொண்டு யாரும் நாளைக்கே இந்தத் தொழிலைத் தொடங்கலாம். வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு நல்லவர் யார், விற்பவரின் ஆள் யார் என்று பிரித்தறிய வழியில்லை. அரசு இவர்களுக்கென்று ஒரு பதிவேட்டைத் தொடங்க வேண்டும், தேர்வு வைத்து உரிமம் தர வேண்டும், சோதித்த வீட்டில் பழுது வேலை எடுப்பவருடைய உரிமத்தை ரத்து செய்ய வேண்டும். அந்தத் தேர்வை எழுத பட்டம் ஒன்றையே தகுதியாக வைத்துவிடாமல், முப்பது வருடம் சாந்து பூசிய ஒரு கொத்தனாரும் வந்து உட்கார்ந்து, ஒரு சுவரைத் தட்டிக் காட்டித் தேறிவிட்டுப் போக அதில் இடம் வைக்க வேண்டும்.