முயல் காண் படலம்

சமூகத்தில் காணப்படும் மனித வகைகளுள் தேடற்குழுத் தலைவர் தனித்து ஆராயத்தக்கவர். எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிற, ஆனால் எவரும் பார்த்திராத ஒரு விலங்கைக் கண்டுபிடிப்பதற்கென்று ஆள் சேர்ப்பவர், சேர்த்த ஆட்களுக்குப் பதவி பிரிப்பவர், பிரித்த பதவிகளுக்கு விசிட்டிங் கார்டு அடிப்பவர் என்று இவரை வரையறுக்கலாம். இவர் ஈடுபட்டுள்ள துறையை மறைவிலங்கியல் எனலாம்; இருப்பதற்குச் சான்று கிடைக்காத உயிரினத்தை இருப்பதாகவே வைத்துக்கொண்டு தேடுவது அதன் இலக்கணம். இமயமலைக்காரர்களுக்கு யெட்டி என்னும் பனிமனிதனும், ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு நெஸ் ஏரியின் நீள்கழுத்து விலங்கும் வாய்த்திருக்க, பாஞ்சாலங்குறிச்சி வட்டாரத்துத் தலைவருக்கு வாய்த்தது ஒரு முயல்.

சாலிக்குளத்துக் காட்டில் வேட்டைக்குப் போன கட்டபொம்மன் மரபின் முன்னோர் ஒருவர், முயல் ஒன்று திரும்பி நின்று வேட்டைநாய்களை விரட்டியதைக் கண்டு, வீரம் முயலிடத்தில் இல்லை, அது மிதித்து நின்ற மண்ணில் இருக்கிறது என்று தெளிந்து, அங்கேயே கோட்டை எழுப்பி அதற்குத் தம் பாட்டன் பாஞ்சாலனின் பெயரை இட்டார் என்பது தலமரபு. தலமரபாவது, ஓர் ஊர் தான் பிறந்த விதத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் கதை. இக்கதையையே விஜயநகரம் ஹரிஹரர், புக்கர் பெயரிலும், 1411இல் தோன்றிய அகமதாபாத் அகமது ஷா பெயரிலும் சொல்லிவருகின்றன. இந்திய முயல்கள் நகரமைப்புப் பணியில் இவ்வளவு ஊக்கம் காட்டியிருப்பதை எவரேனும் எடுத்துச் சொன்னால், மற்ற இரண்டு ஊர்களும் நம்மைப் பார்த்துச் செய்தவை என்பார் தலைவர். விஜயநகரம் காலத்தால் முந்தியதாயிற்றே என்று மடக்கினால், முயலுக்கு ஆண்டுக்கணக்குத் தெரியாது என்று வழக்கை முடித்துவிடுவார்.

அவருடைய மனக்குறையிலும் நியாயம் இல்லாமலில்லை. 1799 செப்டம்பரில் பானர்மன் படையின் தாக்குதலுக்கு உள்ளாகி, 1801இல் ஊமைத்துரையால் மீண்டும் எழுப்பப்பட்டு, அவ்வாண்டு மே மாதத்திலேயே வீழ்ந்து தரைமட்டமான கோட்டைக்கு 1974இல் அரசு நினைவுக்கோட்டை கட்டியது. மன்னருக்குச் சிவாஜி கணேசன் கிடைத்தார். இவ்வளவுக்கும் இடம் பார்த்துக் கொடுத்த முயலுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

யெட்டியைத் தேடுவோர்க்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு இவருக்கு உண்டு. யெட்டி கண்ணில் பட்டால் அது யெட்டி. முயல் கண்ணில் பட்டால் அது எந்த முயல்? பிடரியில் கருந்திட்டுடைய காட்டு முயல் கரிசல் புஞ்சையெங்கும் உள்ளது. வளை தோண்டாமல் புல்லடியில் சிறு பள்ளம் பறித்துப் பகலெல்லாம் அதில் பதுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்ததும் உளுந்தையும் பாசிப்பயற்றையும் கவனிக்க வந்துவிடும். ஆக, தேடப்படுவது விலங்கு அன்று, அது ஒருமுறை செய்த செயல். இதனால் எதிர்ப்படும் முயல் ஒவ்வொன்றும் ஐயப்பாட்டுக்கு உரியதாகி, எதிரில் நாய் ஒன்றை நிறுத்திச் சோதிக்கும்வரை எதையும் கொள்ளவோ தள்ளவோ இயலாத நிலை ஏற்படுகிறது.

நாய்தான் கிடைப்பதில்லை. இச்சோதனைக்கு ஏற்றது சிப்பிப்பாறை, அதாவது மோப்பத்தைவிடப் பார்வையையும் ஓட்டத்தையும் நம்பி முயல் விரட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்டு வந்த மெலிந்த, நெடுங்கால் இனம். நாய் முயலை விரட்டினால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். முயல் நாயை விரட்டினால் ஊர் சிரிக்கும். இவற்றுள் நாய் வளர்ப்போர் அதிகம் அஞ்சுவது இரண்டாவதற்கே. "ஒங்க முயல் செயிச்சிட்டா எங்க நாயி ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டு அனுப்பிவிடுகின்றனர். முடிவில், டீக்கடை வாசலில் வருக்கி தின்று வளர்ந்த நாயொன்று களப்பணி உறுப்பினராகச் சேர்க்கப்படுகிறது. கூட்டம் தவறாமல் வரும் உறுப்பினர் அது ஒன்றே.

குழு அமைப்பதில்தான் தலைவரின் முழு ஆற்றலும் வெளிப்படும். காப்பாளர், கௌரவத் தலைவர், தலைவர், துணைத்தலைவர்கள், செயலாளர், இணைச்செயலாளர், பொருளாளர் ஆகிய பதவிகள் முதல் வாரத்திலேயே நிரம்பிவிட, காட்டுக்குள் நடப்பதற்குச் சாதாரண உறுப்பினர் எவரும் மிஞ்சுவதில்லை. சிவகாசியிலிருந்து ரசீதுப் புத்தகம் வருகிறது. பின்னர் பிளக்ஸ் போர்டு எழுகிறது; அதில் பதினொரு பேர் கைகூப்பி நிற்க, மூலையில் கரிசல்காட்டு வீரமுயல் என்ற பெயரில், சிவந்த கண்களுடைய வெள்ளை வளர்ப்பு முயல் ஒன்று கேரட்டுடன் அமர்ந்திருக்கும்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் வெளிவந்த அதே 1959இல், யெட்டி தேடுவோர்க்கான நேபாள அரசின் விதிகளைக் காத்மாண்டுவிலிருந்த அமெரிக்கத் தூதரகம் குறிப்பாகத் தொகுத்தது: கட்டணம் 5,000 இந்திய ரூபாய், யெட்டியைப் படம் எடுக்கலாம், உயிருடன் பிடிக்கலாம், தற்காப்புக்காக அன்றிச் சுடலாகாது. இதன் ஜெராக்ஸ் பிரதி தலைவரின் பைலில் எப்போதும் உண்டு. தமக்கும் இத்தகைய விதிகள் வேண்டுமென்று திங்கட்கிழமை மனுநாளில் வரிசையில் நிற்கும் அவருக்கு, புஞ்சையில் ஓடும் முயலைப் பார்ப்பதற்கு அனுமதியே தேவையில்லை என்று எவரேனும் சொல்லிவிட்டால், அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. அனுமதி வேண்டாத தேடலுக்கு நிருபர்களை எந்த முகத்தோடு அழைப்பது?

கரிசல் மண்ணும் அவருக்கு ஒத்துழைப்பதில்லை. கோடையில் அது கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதால் தடம் பதியாது. ஐப்பசி மழையில் தடம் அழகாகப் பதியும், ஆனால் செருப்புக்குக் கிலோக்கணக்கில் சகதி அப்பிக்கொள்வதால் தலைவர் நகர முடியாது. 1933இல் டெய்லி மெயில் நாளிதழ் நெஸ் ஏரிக்கு அனுப்பிய வெதரல் என்னும் வேட்டைக்காரர் கண்டெடுத்த கால்தடங்கள், பதப்படுத்திய நீர்யானைக் காலைக்கொண்டு பதித்தவை என்று தெரியவந்தது. இங்கே கிடைக்கும் தடங்கள் அவ்வளவு தொலைவிலிருந்து வந்தவை அல்ல. "இது எங்க வெள்ளாட்டங்குட்டி கால்லா" என்று ஆடு மேய்ப்பவர் ஒரு பார்வையில் தீர்த்துவிடுகிறார். முயலை விட்டு மண்ணையே ஆராயலாம் என்று தலைவர் சிறிதுகாலம் எண்ணியதுண்டு. மண்பரிசோதனை அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றுக்கு இடமிருக்க வீரத்துக்கு இடமில்லாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

களப்பயணம் நடைபெறும் இரவில் டார்ச்சுகள், பிளாஸ்க்குகள், புரோட்டாப் பொட்டலங்கள் சகிதம் நிர்வாகிகள் கண்மாய்க்கரையில் கூடுகின்றனர். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடைகள். கௌரவத் தலைவருக்கு முன்னதாகக் காப்பாளருக்குப் பொன்னாடை போர்த்தியது குறித்து எழுந்த விவாதம் நள்ளிரவைத் தாண்டிச் செல்ல, இருபதடி தள்ளி உளுந்தஞ்செடிகளுக்கு நடுவே இரண்டு நெடுங்காதுகள் நிமிர்கின்றன. களப்பணி உறுப்பினர் அவற்றைப் பார்த்து, ஒருமுறை உறுமி, உறுமல் எடுபடாததைக் கண்டு, வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு பிளக்ஸ் போர்டுக்குப் பின்னால் சென்று படுத்துவிடுகிறது. நன்றியுரை நடந்துகொண்டிருந்ததால் அப்பக்கம் எவரும் திரும்பவில்லை. செயலாளர் எழுதிய நடவடிக்கைக் குறிப்பில், வந்திருந்தோர் பன்னிருவர் என்றும், வாராதோர் இணைச்செயலாளர், முயல் என்றும் பதிவாகியுள்ளது.