ஏசவும் ஒரு உரித்து வேணும் மோனை

என்ன மோனை, உன்ர ரீம் தோத்து ரெண்டு கிழமைக்கு மேலயாச்சு. முகம் இன்னும் செத்தவீட்டு முகமாக் கிடக்கு. முதல் நாள் நான் பயந்தே போனன். ஆரோ மோசம் போட்டினமாக்கும் எண்டு சால்வையைத் தோளில போட்டுக்கொண்டு படலையைத் திறந்தன். "ஒருத்தருமில்லை அப்பு, பந்தடியாம்" எண்டா கொம்மா.

எந்த ரீம் எண்டு கேட்டன். குருநகர் பாடும்மீனோ? நாவாந்துறை சென்.மேரிஸோ? இளவாலை யங்கென்றீசியன்ஸோ? நீ என்னைப் பாத்த பார்வையில எனக்கே என்னில இரக்கம் வந்திட்டுது. மான்செஸ்ரர் யுனைற்றெட்டாம்.

சரி. எனக்குப் பெரிய படிப்பில்லை, ஆனா கணக்குப் பாப்பன். இருபது ரீம் விளையாடுற லீக்கில 2024–25இல உன்ர ரீம் பதினைஞ்சாவதா வந்தது. 38 ஆட்டம். வெண்டது 11, தோத்தது 18, மிச்சம் சமன். 42 புள்ளி. 1974இல கீழ்ப் பிரிவுக்கு இறங்கின பிறகு இவ்வளவு கீழ வந்ததே இல்லையாம். லீக் போனால் போகட்டும், யூரோப்பா கிண்ணம் கிடக்கு எண்டு 2025 மே 21 இரவு நித்திரை முழிச்சாய். இங்க சாமம் பன்னிரண்டரை. எதிர ஆர்? ரொட்டன்ஹாம். அவை லீக்கில பதினேழாவது! கடைசியில பதினைஞ்சாவதாயும் பதினேழாவதாயும் முடிச்ச ரெண்டும் முட்டுறதைப் பாக்கச் சனம் பில்பாவோவுக்குக் கப்பலேறிப் போயிருக்கு. எங்கட ஊரில அடிமட்டத்து ரீம் ரெண்டை இறுதி ஆட்டத்துக்கு இறக்கினால் ஒலிபெருக்கிக்காரனே மைக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அந்த ஆட்டத்திலயும் 1–0 எண்டு தோத்தியள்.

வெண்டவை என்ன செய்தவை தெரியுமே? கிண்ணம் எடுத்துக் குடுத்த கோச்சைப் பதினாறாம் நாள் கலைச்சுப்போட்டினம். நாங்கள் செத்தவனுக்கே அந்தியேட்டி மட்டும் பொறுக்கிற ஆக்கள்.

உன்ர ரீம் மட்டும் லேசுப்பட்டதே? 2024 ஒக்டோபரில எரிக் ரென் ஹாக்கை அனுப்பினவை. நவம்பரில ரூபன் எண்டொருத்தர் வந்தார். பேரைக் கேட்டிட்டு, நாவாந்துறைப் பொடியன் ஒருத்தன் நல்லா வந்திட்டான் எண்டு சந்தோசப்பட்டன். போர்த்துக்கல்காரனாம், ரூபன் அமோரிம். வந்து ரெண்டு மாதத்தில, கிளப்பின்ர வரலாற்றிலயே மோசமான ரீம் நாங்களாக்கும் எண்டு தன்ர வாயாலயே சொன்னார். எனக்கு அந்த மனிசனில ஒரு விருப்பம். பொய் சொல்லத் தெரியாது.

ஆனா நீ விட்டியே? எனக்கு வகுப்பெடுத்தாய். மூண்டு-நாலு-ரெண்டு-ஒண்டு எண்டாய். லொத்தர் நம்பராக்கும் எண்டு எழுதப் பேனை தேடினன். விங் பாக் எண்டாய், பிரெஸ்ஸிங் எண்டாய். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு ஒண்டுதான் கேட்டன்: பந்து ஏன் வலைக்குள்ள போகேல்லை? அதுக்கு உன்னட்டை மறுமொழி இல்லை.

2025 மார்ச் மாதம் ஒரு லட்சம் பேர் இருக்கிற புது அரங்கு கட்டப்போறம் எண்டவை. அதே கையால வேலையாக்களை நூற்றுக்கணக்கில நிப்பாட்டி, மிச்ச ஆக்களுக்குச் சும்மா குடுத்த மத்தியானச் சாப்பாட்டையும் வெட்டினவை எண்டு பேப்பரில கிடந்தது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம். உவள் கூடத்தையே புதுசாக் கட்டுறாள்.

நீ ஏசுறாய். கோச்சுக்கு மூளையில்லை, முதலாளிக்கு வெக்கமில்லை. ஏசு மோனை, வேண்டாமெண்டேல்லை. ஆனா ஏசவும் ஒரு உரித்து வேணுமெல்லே?

1994 உலகக் கிண்ணம். கொப்பர் அப்ப சின்னப் பொடியன். சண்டையால கரண்ட் போய் நாலு வருசம். பற்றறி கண்ணுக்குத் தெரியாது, அதுக்கும் தடை. என்ன செய்வம்? சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைக் கையால சுத்துவம். டைனமோவில றேடியோ பாடும். இறுதி ஆட்டம் பிறேசிலுக்கும் இத்தாலிக்கும். எங்களுக்குச் சாமம் ஒரு மணி. வர்ணனை இங்கிலீசில. பாதி சொல்லில விளங்கும், பாதி அங்கத்தைச் சனத்தின்ர சத்தத்தில விளங்கும். தொண்ணூறு நிமிசம் கோல் இல்லை. மேலதிக நேரமும் விட்டுது, அதிலயும் இல்லை. சுத்தினவனின்ர கையை யோசிச்சுப் பார். முறை வைச்சுச் சுத்தினம். தண்ட உதை வந்துது. கடைசியா இத்தாலியின்ர பாஜியோ வந்தார், பந்தைக் கம்பத்துக்கு மேலால வானத்துக்கு அனுப்பினார். அந்த நேரம் சுத்தினவன் ஆத்திரத்தில பெடலை விட்டிட்டான். றேடியோ செத்துப்போச்சு. ஆர் வெண்டது எண்டு அறிய அவனைக் கெஞ்சித் திருப்பிச் சுத்தப்பண்ண வேண்டிக் கிடந்தது. அண்டைக்கு அவன் ஏசின ஏச்சு பாஜியோவின்ர பரம்பரைக்கே போதும். நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. சுத்தினவன் அவன். ஏச்சு அவன்ர சொத்து.

அந்தக் காலம் திறம் எண்டு நான் சொல்ல வரேல்லை. கோதாரி விழுந்த காலம். உனக்கு அது வேண்டாம். ஆனா நீ இதுவரைக்கும் எதைச் சுத்தினாய்? விரலால ஃபோனைத் தேச்சாய்.

நாட்டு ரீமையெண்டாலும் பாத்தியே? 2023 ஜனவரியில பீபா எங்கட உதைபந்தாட்டச் சம்மேளனத்தைத் தடை செய்தது. ஓகஸ்ற் மட்டும் வெளியில ஒருத்தரோடயும் விளையாட ஏலாது. அப்ப உன்ர முகம் வாடினதை நான் காணேல்லை. பிறகு 2024 செப்ரெம்பரில அதே பொடியள் கம்போடியாவுக்குப் போய்த் தண்ட உதையில வெண்டு, ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில மேல போனவை. அதையும் நான்தான் உனக்குச் சொன்னனான். "அப்பிடியே?" எண்டிட்டு, மான்செஸ்ரரில ஒருத்தருக்குத் தொடை பிடிச்சுப்போட்டுது எண்டு கவலைப்பட்டாய்.

அதை விடு. மே 22 பின்னேரம் எங்கட ஊர் ரீமுக்கு முதல் சுற்று ஆட்டம். பதினொரு பேர் வேணும், வந்தது ஒம்பது. பத்தாவது ஆளுக்குக் கால் நோவாம். பதினோராவது ஆள் விடியவிடிய முழிச்சதில நித்திரையாம். ஆர் அந்தப் பதினோராவது ஆள்? நான் சொல்லேல்லை, ஊர் சொல்லுது. நாலு கோல் வாங்கினம். வலைக்குள்ளயிருந்து பந்தை எடுத்து எடுத்தே கோல் காப்பாளருக்கு இடுப்புப் பிடிச்சுப்போட்டுது. அவனை நான் வடிவா ஏசினன். அவன் திருப்பி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அந்த வலைக்கு நூல் வாங்கக் காசு குடுத்தது நான், பின்னினது எங்கட தெருப் பொடியள். உன்னை ஏசேல்லை. வராதவனை ஏசிறதுக்கு என்ன கிடக்கு?

சனிக்கிழமை நாலரைக்குச் சிநேகபூர்வ ஆட்டம் ஒண்டு. கோடு போடச் சுண்ணாம்பு ரெண்டு வாளி கரைக்கவேணும், வலை கட்டவேணும், ஆள் காணாது. மூண்டு மணிக்கே வா. அந்தச் சிவப்புச் சட்டையை மட்டும் போடாதை, வாற ரீமுக்கும் சிவப்புத்தான். பிறகு எங்கட பொடியள் உனக்குப் பந்து தரமாட்டாங்கள்.